சரிசெய்த தோள்

அச்சகத்துக்கு மேல்மாடியில் சனிக்கிழமைதோறும் ஓவிய வகுப்பு எடுக்கிறேன். பதிமூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் ஒன்பது பேர். கீழே இயந்திரம் ஓட ஆரம்பித்தால் டப்பாவுக்குள் தூரிகைகள் நடுங்கும். எனக்கு வாய்த்துடுக்கு அதிகம், அதைவிடக் கைத்துடுக்கு. யாராவது கோட்டைத் தப்பாக இழுத்தால் பென்சிலைப் பிடுங்கி அவர்கள் தாளிலேயே திருத்திவிடுவேன். சொல்லிக்கொடுப்பது என்றால் அதுதான் என்று இருபது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

குருவி என்று நாங்கள் கூப்பிடும் பெண்ணுக்கு இந்த வருடம் ஒரு கெடு இருந்தது. அவள் அப்பா வீடுகளுக்குத் தண்ணீர் கேன் போடுபவர். "கண்காட்சிக்கு வந்து உன் படத்தைப் பார்க்கறேன். தேறினா இங்கயே இரு. இல்லேன்னா சனிக்கிழமை கணக்கு டியூஷன்" என்று சொல்லிவிட்டார். கணக்கில் அவள் முப்பதைத் தாண்டியதே இல்லை. மனுஷர் சொல்வதிலும் நியாயம் இருந்தது.

அவள் அப்பாவையே வரைந்து எடுத்துவந்தாள். படத்தில் இடது தோள் வலதைவிட நன்றாகத் தாழ்ந்து கிடந்தது.

"உங்கப்பா என்ன, சாய்ஞ்சுபோன அலமாரியா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

"இல்ல மிஸ், அவரு வந்து..."

"பென்சிலை நீட்டிப் பிடிச்சு, ஒரு கண்ணை மூடி அளந்தியா?"

"அளக்கல மிஸ்."

எனக்கு அது போதும். இரண்டு தோள்களையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். அதன்மேல் அவள் நீர்வண்ணம் தீட்டினாள். அழகாகத்தான் தீட்டினாள்.

கண்காட்சியன்று அப்பா வேலைச் சட்டையோடு வந்தார். சுவரில் இருந்த ஒன்பது படங்களையும் நிதானமாகப் பார்த்துக்கொண்டே போனார். தன் படத்தைத் தாண்டியும் போய்விட்டார்.

"பாப்பா, இதுல உன்னோடது எது?"

அவள் காட்டினாள்.

"யாரு இது?"

குருவி என்னைப் பார்த்தாள். நான் அவரைப் பார்த்தேன். இடது தோள் நான்கு விரல் இறங்கியிருந்தது. எனக்கு முகம் சுண்டிவிட்டது.

"சரி விடு, கணக்குக்கே போ" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"கொஞ்சம் இருங்க. அவ சரியாத்தான் வரைஞ்சா. கெடுத்தது நான்" என்றேன். பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பினார்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டேன். "பத்து நிமிஷம் உட்காருங்க."

பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுப்பதுபோல விறைத்து உட்கார்ந்தார். குருவி வரைந்தாள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். நெற்றி, மூக்கு, கழுத்து எல்லாம் கடகடவென்று வந்தன. தோளுக்கு வந்ததும் பென்சில் நின்றது. என் பக்கம் நீட்டினாள்.

"இதை நீங்களே போட்டுடுங்க மிஸ்."

குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டாள். ஒரு வருடத்தில் இந்தப் பிள்ளைக்கு நான் பழக்கிய லட்சணம் இது.

"எனக்குத் தெரியாதும்மா. நான் அவரைப் பார்த்தே கால் மணிநேரம்தான் ஆகுது. நீ பொறந்ததுலேர்ந்து பார்க்கற."

கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போட்டாள், அழிக்காமல், ஒரே கோடாக.

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். இடது தோளைத் தொட்டார். தூக்கிப் பார்த்தார். அது போன இடத்துக்கே திரும்பிவந்தது.

"இவ்வளவா இறங்கிப்போச்சு?"

"முன்னாடி இவ்வளவு இல்லப்பா. லிஃப்ட் இல்லாத அந்த நாலு மாடி வீடுங்களுக்குப் போட ஆரம்பிச்சீங்கல்ல, அதுக்கப்புறம்தான்."

அவர் எழுந்தார். தாளைக் கசங்காமல் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டார். படியில் இரண்டு எட்டு இறங்கியவர் நின்றார்.

"அந்தக் கணக்கு வாத்தியார் ஞாயித்துக்கிழமையும் எடுக்கறாரு, டீச்சரம்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "எனக்கு அது முன்னாடியே தெரியும்."