முந்திக்கொண்டு ஏறிய பக்கம்

சின்னவள் வேலை பார்த்த நீச்சல் பள்ளியின் இணையதளத்துக்கு இரண்டு பிரதிகள் உண்டு. ஊரே பார்ப்பது லைவ். அலுவலகத்துக்குள் மட்டும் தெரிவது டெஸ்ட். எந்த மாற்றமானாலும் முதலில் டெஸ்டில் செய்து, சரிபார்த்த பிறகே லைவுக்கு ஏற்ற வேண்டும். ஏற்றுவது அவள் பொறுப்பு. அங்கே தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் அவளுடைய சொந்த அண்ணன். "நான் பிள்ளைங்கள தண்ணிக்குள்ள தள்ளிவிடுறேன், இவ பக்கங்கள தள்ளிவிடுறா. ரெண்டு பேருக்கும் ஒரே பொழப்பு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த மனுஷனுக்கு ஈரலில் புற்று வந்தது. டாக்டர் அண்ணியையும் சின்னவளையும் மட்டும் தனியே கூப்பிட்டு, சில மாதங்கள்தான் என்றார். அண்ணனுக்குத் தெரிந்தால் அன்றைக்கே உடைந்துபோவார் என்று அண்ணி பிடிவாதமாக இருந்தாள். மஞ்சள் காமாலை முற்றிவிட்டது, ஓய்வெடுத்தால் தேறிவிடும் என்று சொல்லிவைத்தார்கள். அவரும் நம்பினார். படுக்கையில் கிடந்தபடியே, விடுமுறை முகாமில் எந்தப் பிள்ளையை எந்தக் குழுவில் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

பள்ளியின் செயலாளர் கெட்டவரல்ல. ஒருநாள் சின்னவளை உட்காரவைத்து, தயங்கித் தயங்கி, அஞ்சலிப் பக்கம் ஒன்றைத் தயாராக வைத்திருக்கச் சொன்னார். "தப்பா நினைக்காதம்மா. அவரப் பத்தி உன்னைவிட யாருக்குத் தெரியும்?"

அவள் எழுதினாள். நீந்தத் தெரியாமலே ஏரியில் குதித்து, ஒரு பையனைக் கரையேற்றிவிட்டு, அதன் பிறகே அண்ணன் நீச்சல் கற்றுக்கொண்ட கதையை எழுதினாள். ஈரல் புற்றுநோயோடு போராடி மறைந்தார் என்று முடித்து, தேதிக்கு மட்டும் இடம் விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை டெஸ்டில் போட்டுவைத்தாள்.

பிறகு ஒரு மதியம் குளத்துத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் இயந்திரம் பழுதாகிவிட்டது. சாயந்திர வகுப்புகள் இல்லை என்று உடனே அறிவிக்க வேண்டும். தொலைபேசி ஓயவில்லை. ஒரு தாய்க்குப் பதில் சொல்லிக்கொண்டே அறிவிப்பை டெஸ்டில் திருத்தினாள், லைவுக்கு ஏற்றினாள். அந்த ஒரு பக்கத்தை மட்டும் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். காத்திருந்த மாற்றங்கள் எல்லாவற்றையும் ஏற்றும் பொத்தானைக் கை அழுத்திவிட்டது.

பழைய மாணவி ஒருத்தி அழுதுகொண்டே கூப்பிட்டபோதுதான் விஷயம் புரிந்தது. பக்கத்தை நீக்க நொடிகூட ஆகவில்லை. ஆனால் அதற்குள் யாரோ அதைப் படம் பிடித்து, "உங்கள் குடும்பத்துக்கு ஆழ்ந்த இரங்கல்" என்று அண்ணனின் எண்ணுக்கே அனுப்பியிருந்தார்கள்.

அவள் அடித்துப்பிடித்து வீட்டுக்கு ஓடினாள். வாசலில் நின்ற அண்ணி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கைப்பேசி போர்வைமேல் கிடந்தது.

"புற்றா சின்னு?"

ஆமென்று தலையசைத்தாள்.

"எவ்வளவு நாளா தெரியும் உங்களுக்கு?"

முதலிலிருந்தே என்றாள். அவர் கைப்பேசியை எடுத்து அந்தப் படத்தை இன்னொரு முறை படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. உங்க அண்ணியப் பத்தி ஒரு வரிகூட இல்லையே. நான் ஒவ்வொரு போட்டிக்கும் பிள்ளைங்கள கூட்டிட்டுப் போனப்ப வீட்டைத் தாங்குனது அவதானே. அதைச் சேர்த்துடு."

அதற்குப் பிறகு அவர் முகாமைப் பற்றிப் பேசவே இல்லை. மாத்திரைகளைக் கொடுத்தால் விழுங்குவார், கேட்டால் பதில் சொல்வார், அவ்வளவுதான். உண்மை தெரிந்ததால் மனம் லேசானது என்றெல்லாம் சொல்ல முடியாது. டாக்டர் சொன்ன கெடுவுக்கு முன்பே ஒரு விடியலில் போய்விட்டார்.

சின்னவள் அண்ணியிடம் போய், பக்கத்தைப் போடலாமா என்று கேட்டாள். சேர்த்த வரியைப் படித்துக் காட்டினாள்.

"போடு. அவர் சொன்னது. ஆனா ஒண்ணு, அவர் உன்னை மன்னிச்சிட்டார். எனக்கு இன்னும் மனசு வரல."

அவள் அலுவலகத்துக்குப் போய்த் தேதியை நிரப்பி, அந்தப் பக்கத்தை மட்டும் ஏற்றினாள். திரும்பி வந்தபோது வீடு நிறைய மாணவர்கள் இருந்தார்கள். மூலையில் உட்கார்ந்து தேம்பிய சின்னவளைப் பார்த்து, யார் இது என்று எவரோ கேட்டார்கள்.

"அவரோட தங்கச்சி" என்றாள் அண்ணி. என் நாத்தனார் என்று சொல்லவில்லை.