சம்மதம் சொல்ல வந்தவன்

சனிக்கிழமை கம்பெனிக்கு மட்டம் போட்டுவிட்டு, நவநீதன் மனைவியைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பினான். ஹாஸ்டலில் சேர வேண்டுமென்றால் வீட்டு ஆள் ஒருவர் நேரில் வந்து வார்டனிடம் சம்மதம் சொல்ல வேண்டுமாம். சொல்லத்தான் வருகிறான் என்று சோபனா நினைத்துக்கொண்டிருந்தாள். முடியாது என்று சொல்வதற்காக அவன் போய்க்கொண்டிருந்தான்.

விரிஞ்சிபுரத்திலிருந்து தினமும் காலையில் இரண்டு பேரும் சேர்ந்துதான் மெயின் ரோட்டுக்கு வருவார்கள். கம்பெனி பஸ் அவனை ஆம்பூர் பக்கம் கொண்டுபோகும். அவள் எதிர்ப்பக்கம் நின்று வேலூர் பஸ் பிடிப்பாள். ஷூ கம்பெனியில் அவனுக்குக் கட்டிங் வேலை. தோலை விரித்து, கத்தி அச்சை வைத்து, மிஷினை அமுக்க வேண்டும். நாள் முழுக்க அதுதான். சோபனாவும் பி.எஸ்சி. முடித்துவிட்டு அதே கம்பெனியில் ஸ்டிச்சிங் லைனில் உட்கார்ந்தவள்தான். அங்கேதான் பழக்கம், அப்புறம் கல்யாணம். வேதியியல் எம்.எஸ்சி.க்கு அவளுக்கு இடம் கிடைத்தபோது, "போ, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னவனும் அவன்தான். லைன் பூராவும் சாக்லேட் கொடுத்தான்.

அது ஒன்றரை வருஷத்துக்கு முன்னால். பெருமை அவனுக்கு ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை.

வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். சாப்பாட்டு மணி அடித்ததும் எடுத்துப் பார்ப்பான். அவள் ஸ்டேட்டஸில் வெள்ளைக் கோட்டு போட்டு நிற்பாள். கேன்டீனில் டீ கிளாஸோடு சிரிப்பாள். ஒருநாள் அமிர்தி அருவிக்கு முன்னால் நின்றிருந்தாள், கிளாஸ் மொத்தமும் நனைந்துபோய்.

"அமிர்திக்கு நான் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன் இல்ல?" என்று அன்றைக்குக் கேட்டான்.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து சொல்றீங்க," என்றாள் அவள், ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே.

அவள்மேல் அவனுக்குச் சந்தேகம் எதுவும் கிடையாது. சந்தேகம் என்றால் சுலபம். எவனையாவது பிடித்து நாலு அறை அறைந்துவிட்டு வரலாம். இது யாரைப் போய் அறைவது?

இப்போது கடைசி செமஸ்டர். புராஜெக்ட்டுக்கு லேபில் ஒரு மிஷின் வேண்டும். பகலில் அதைப் பி.எச்டி. பண்ணுகிறவர்கள் விட மாட்டார்கள். எம்.எஸ்சி.க்காரர்களின் முறை வருவதற்குள் இருட்டி, கடைசி பஸ்ஸும் போய்விடுகிறது. புதிதாகப் பெண்கள் ஹாஸ்டல் கட்டித் திறந்திருந்தார்கள். விஷயம் கம்பெனியில் தெரிந்தவுடன் பக்கத்து மிஷின் காசி ஆரம்பித்தான்.

"இன்னா புரொபசர் வூட்டுக்காரரே, ஹாஸ்டலாமே? ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம பிரியாணி கட்டிக்கினு போயி கேட்டாண்ட நில்லு. ஆஸ்பத்திரில ஆள் பாக்கற மாரி."

"வாய மூடிக்கினு வேலையப் பாருடா."

"நான் பாக்கறேன். உன் கத்தி இன்னா இப்டி கோணிக்கினு கீது?"

குனிந்து பார்த்தான். நல்ல தோல் ஒன்று பாழாகியிருந்தது.

அவளைச் சேர்க்க வந்தபோது பல்கலைக்கழகம் என்பது ஒரு நீளக் கட்டடமும் அதைச் சுற்றி முள்ளுச் செடியுமாகத்தான் அவன் கண்ணில் பட்டது. இப்போது வண்டியை எங்கே நிறுத்துவது என்றே தெரியவில்லை. புது நூலகம், பாதி எழும்பிய இன்னொரு கட்டடம், கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் மாடிகள், ஜல்லிக் குவியலைச் சுற்றிக்கொண்டு நடக்கும் பிள்ளைகள். குடியாத்தம், திருப்பத்தூர், ஜவ்வாது மலை என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். பாதிப்பேர் வீட்டில் பீடி சுற்றுகிறவர்கள், தோல் பதனிடும் ஷாப்புக்குப் போகிறவர்கள். அவன் வயிற்றை எரித்தது கட்டடம் இல்லை. பட்டப்பகலில் இத்தனை பேர் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள், எவனும் வந்து விரட்டவில்லை. கம்பெனியில் கக்கூஸ் போவதற்குக்கூடக் கழுத்தில் டோக்கன் மாட்டிக்கொண்டு போக வேண்டும்.

"சோபிக்கா!"

ஒல்லியாக ஒரு பையன் ஓடி வந்தான். அவள் கிளாஸ். ஜான்சன் என்று பெயர்.

சோபி. கட்டியவன் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. தோன்றவே இல்லை.

"அண்ணா, நவநீதன் அண்ணாதானே? அக்காவ எப்டியாவது ஹாஸ்டல்ல வுட்டுடுங்கண்ணா. அக்கா இல்லன்னா அந்த மிஷின ஆன் பண்ணவே எங்களுக்கு பேஜாரு."

"டேய், போன வாரம் அத கெடுத்து வச்சதே நீதான்," என்றாள் சோபனா.

"அது கரண்ட் போனதால. அண்ணா, எங்கப்பாவும் பேரணாம்பட்டுல தோல் ஷாப்புதான். உங்க கிட்ட வந்ததும் வாசனையிலயே கண்டுபுட்சிட்டேன்."

உறவு கொண்டாடித்தான் சொன்னான். நவநீதன் அரை அடி தள்ளி நின்றுகொண்டான். காலையில் அவன் இரண்டு தடவை சோப்பு போட்டுக் குளித்திருந்தான்.

வார்டன் வரக் கொஞ்சம் நேரமாகும் என்று ஹாஸ்டலில் சொன்னார்கள். சோபனா அவனை நூலகத்துக்கு அழைத்துப் போனாள். தான் எப்போதும் உட்காரும் ஜன்னலோர நாற்காலியைக் காட்டினாள், உட்காருங்க என்றாள். அவன் உட்காரவில்லை. புத்தக அலமாரிகளுக்கு நடுவே நடந்துவிட்டு, போகலாம் என்றான்.

வெளியே போகிற கதவுக்குப் பக்கத்தில் காக்கிச் சட்டை போட்ட காவலாளி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நவநீதன் நேராக அவர் முன்னால் போனான். பாக்கெட்டில் இருந்த போனையும் சாவியையும் எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டான். காலை அகட்டி வைத்து, இரண்டு கையையும் தோளுக்கு மேல் தூக்கி நின்றான்.

காவலாளி அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா சார், எக்சர்சைசா?"

பின்னால் வந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கம்பெனியில் தினம் சாயங்காலம் கேட்டில் இப்படித்தான் நிற்க வேண்டும். ஒரு துண்டுத் தோலாவது மறைத்து எடுத்துப் போகிறார்களா என்று தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். பன்னிரண்டு வருஷமாக, காக்கிச் சட்டையும் கதவும் சேர்ந்து கண்ணில் பட்டால் கை தானாகத் தூக்கிக்கொள்கிறது.

சோபனா சிரிக்கவில்லை. அவள் ஏற்கெனவே கதவைத் தாண்டி வெளியே நின்றிருந்தாள். கையைத் தொங்கவிட்டபடி, சும்மா நடந்து போயிருக்கிறாள்.

படியிறங்கும்போது கேட்டான். "நீ கைய தூக்கல?"

"வந்த புதுசுல தூக்கினேன். இந்த அண்ணன்தான் சிரிச்சாரு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, மறந்து போச்சி."

லேசாகச் சொன்னாள். பெண்கள் வரிசையில் அவளும் ஆண்கள் வரிசையில் அவனும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றபடி, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துத்தான் பழகினார்கள். அந்தக் கேட்டை இவள் மறந்துவிட்டாள். இவன் நாளைக்கு மறுநாளும் அங்கே போய் நிற்க வேண்டும்.

ஹாஸ்டல் ஆபீசில் வார்டன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "உங்களுக்குச் சம்மதம்தானே?"

"இல்ல மேடம்."

சோபனா திரும்பிப் பார்த்தாள்.

"வூட்ல ஆள் இல்ல. தெனம் வந்து போகட்டும்."

"கடைசி பஸ் போனப்புறம்தானே இவங்களுக்கு மிஷின் கெடைக்குது?"

"அதுக்கு நான் இன்னா மேடம் பண்றது?"

வார்டன் தோளைக் குலுக்கினார். இந்தக் கட்டிலுக்குக் காத்திருக்கிறவர்கள் நிறைய என்றார்.

"மேடம்," என்றாள் சோபனா. "எங்கம்மா அரக்கோணத்துல இருக்காங்க. திங்கக்கிழம அவங்க வந்து சொன்னா ஏத்துப்பீங்களா?"

"தாராளமா. வீட்டு ஆள் யாராவது ஒருத்தர் சொன்னாப் போதும்."

இதை அவன் யோசித்திருக்கவில்லை. தன்னைத் தவிர வீட்டு ஆள் என்று இன்னொருத்தர் இருப்பார் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

வராந்தாவில் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். "எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம உங்கம்மாவ இழுக்கற?"

"நீ எங்கிட்ட சொல்லிட்டா வந்த?" மரியாதை போய்விட்டது. "வழியெல்லாம் பேசிக்கினுதானே வந்த? அப்ப வாய்ல இன்னா வச்சிருந்த?"

"கம்பெனி கேட்ட மறந்துட்டேன்ற."

"மறக்கத்தான் வந்தேன். ஞாபகம் வச்சிக்கினு இன்னா பண்ணச் சொல்ற?"

அவன் சுவரைப் பார்த்தான். "வயித்தெரிச்சலா இருக்குதுடி எனக்கு."

"தெரியும். அமிர்தி போட்டோ பாத்த அன்னிக்கு நீ சோத்துல கையே வைக்கல."

"தெரிஞ்சும் எதுக்கு இங்க கூட்டியாந்த?"

"நேர்ல பாத்தா கம்மியாவும்னு நெனச்சேன்."

"ஜாஸ்திதான் ஆச்சி."

அவள் போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை வர முடியுமா என்று கேட்டாள். மாமியார் கண்ணம்மாளின் உரத்த குரல் நவநீதனுக்கே கேட்டது: "இன்னாடி, மாப்ள ஒத்துக்கலயா?" அந்த ஒரு கேள்வியிலேயே திங்கட்கிழமை முழுக்க அவன் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வருவாள். வார்டனுக்கு எதிரே உட்காருவாள். கட்டினவன் மாட்டேனென்றான், நான்தான் படிக்க வைத்தேன் என்று சாகிற வரைக்கும் கல்யாணத்துக்குக் கல்யாணம் சொல்வாள். இவள் பட்டம் வாங்கும்போது போட்டோவில் பக்கத்தில் நிற்பதும் அவளாகத்தான் இருக்கும்.

"போன வை," என்றான்.

"எதுக்கு?"

"வைடி, சொல்றேன்."

திரும்பவும் உள்ளே போனான். வார்டன் நிமிர்ந்தார்.

"சம்மதம் மேடம்."

"இப்பதானே மாட்டேன்னீங்க?"

"அவங்கம்மா எதுக்கு மேடம் அவ்ளோ தூரத்துல இருந்து? கட்டிக்கினவன் நான் இருக்கேன்."

வார்டன் சோபனாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பா, கோபமா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். எந்த மாடி, கூட யார் தங்குவது, ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டான். படிக்கட்டுவரை அவள் பின்னாலேயே போனான். ஆம்பளைங்க இதுக்கு மேல வரக்கூடாது என்று வார்டன் நிறுத்தினார்.

சோபனா சாவியோடு மேலே போனாள். அவன் கீழே பார்வையாளர் அறையில் உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்த பெரியவர் பேச்சுக் கொடுத்தார்.

"பொண்ண சேக்க வந்தீங்களா?"

"பொண்டாட்டிய."

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேலே பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அதில் அவளுடையது எது என்று அவனுக்குத் தெரிந்தது. நெடுநேரம் கழித்துத்தான் இறங்கி வந்தாள்.

"ரூம் இன்னா மாரி கீது?"

"நல்லா இருக்குது. காத்து வருது."

"நம்ம வூட்ட விட ஜாஸ்தியா?"

சோபனா அவன் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"ஜாஸ்திதான்," என்றாள்.

நவநீதன் எழுந்து, அவளுக்காக நிற்காமல், பைக்கை எடுக்கப் போனான்.