ஏரிக்குள் விழுந்த தடம்

இதில் எது முன்னால், எது பின்னால் என்று எனக்கு நிச்சயமில்லை. கயிறு அறுத்தது ஆடியிலா ஆவணியிலா என்பதுகூட மறந்துவிட்டது. அய்யம்பெருமாளுக்கே அந்த நாட்கள் அரைகுறையாகத்தான் நினைவிருந்தன. மற்றவர்கள் சொன்னதை வைத்து ஒட்டுப்போட்டுக்கொண்டார்.

அவர் இருபத்திரண்டு வருடம் ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டியவர். அத்தனை வருடமும் குடித்தார். கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்துக்கொண்ட பிறகு, மனைவி இருசம்மாள் கருப்பையா கோயிலுக்கு இழுத்துப்போய்க் கயிறு கட்டவைத்தாள். குடியை விடுகிறவர்கள் அங்கே செய்வது அதுதான். பூசாரி நல்லதம்பி மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டுவார். மீறிக் குடித்தால் சாமி முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். பூசாரி அரிவாளால் கயிற்றை அறுத்துவிடுவார். அய்யம்பெருமாளின் கயிறு மூன்று வருடம் அறுபடாமல் இருந்தது.

பிறகு ஒருநாள் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கூடத்தில் வந்து நின்றார். நாக்கு குழறியது. பகலெல்லாம் தூங்கினார். அள்ளிய சோறு வாய்க்குப் போகுமுன் சிந்தியது. இருசம்மாள் கிட்டப்போய் மோந்து பார்த்தாள். இனிப்பாக ஒரு வாடை.

"ஊத்திக்கிட்டீங்களா?"

"தெரியலையே."

"அது எப்படிங்க தெரியாமப் போவும்? தண்ணிச் சொம்பும் பிராந்தி பாட்டிலும் ஒண்ணாவா இருக்கு?"

அவள் தம்பி பிச்சைமுத்து பைக்கை எடுத்துக்கொண்டு வந்தான். "மூணு வருசம் தாக்குப்பிடிச்சதே பெருசு மாமா. வாங்க, ஒத்துக்கிட்டு வந்துருவோம். இனிமே நானும் உங்களுக்குப் பயந்து ஒளிஞ்சு குடிக்க வேணாம்."

"நீ வாய மூடுடா," என்றாள் இருசம்மாள்.

கோயிலில் பூசாரி கேட்டார். அய்யம்பெருமாள் மனைவியின் முகத்தைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடம் குடித்தவன், இப்போதும் குடித்திருக்கத்தான் வேண்டும் என்று பட்டது.

"குடிச்சிருப்பேன்," என்றார்.

கயிறு அறுந்தது. துண்டை இருசம்மாள் எடுத்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள். அப்புறம் அவரோடு பேசவில்லை. மற்றதெல்லாம் மறந்தும் அந்தப் பேசாமை மட்டும் அவருக்கு நினைவிருந்தது.

மூன்றாம் நாள் எழுப்பினால் எழவில்லை. பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தெளிந்ததும் டாக்டர் சத்யப்பிரியா அவர் கைகளை நீட்டச் சொன்னார், போலீஸ்காரர் வண்டியை நிறுத்துகிற மாதிரி. உள்ளங்கைகள் இரண்டும் தாமாக முன்னும் பின்னும் அடித்துக்கொண்டன.

"இவரு குடிச்சாராங்க?" இருசம்மாள் முதலில் கேட்டது அதைத்தான்.

"இதுக்குக் குடிக்கவே வேணாம்மா. எத்தனை நாளா வெளிக்கிப் போகல?"

"நாலஞ்சு நாளா."

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மண்ணீரல் பக்கமிருந்து சிறுநீரகம் வரை புழுப்போல் நெளிந்த ஒரு தடித்த குழாய். "கல்லீரல் இறுகிட்டதால ரத்தத்துக்கு வழி அடைச்சிருச்சு. அது தானா ஒரு வழி போட்டுக்கிட்டு, கல்லீரல்ல சுத்தமாகாம மூளைக்குப் போகுது. வாயில இனிப்பு வாடை அடிக்கிறதும் அதனாலதான். வயிறு கட்டிக்கிட்டா இன்னும் மோசம்."

அய்யம்பெருமாளுக்கு உடனே விளங்கியது. ஒரு காலத்தில் மெயின் ரோட்டை மறித்துப் பாலம் கட்டியபோது, டிப்பர்காரர்கள் வற்றிய ஏரிக்குள் இறங்கித் தடம் போட்டார்கள். எடைமேடை அந்த வழியில் இல்லை. எத்தனை டன் போனாலும் கேட்பாரில்லை. கல்யாணமான புதிதில் இருசம்மாளை கேபினில் ஏற்றிக்கொண்டு அதில்தான் போனார். ஜன்னலை மூடவிடாமல் கொய்யா தின்றுகொண்டே வந்தாள். இறங்கும்போது முடியெல்லாம் கல்தூசி. பக்கக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "கெழவியானா இப்படித்தான் இருப்பேன், இப்பவே பாத்துக்கங்க," என்று சிரித்தாள்.

"அந்த வழிய அடைச்சுற முடியாதுங்களா?" என்று கேட்டார்.

"சிலருக்கு அடைக்கலாம். ஆனா அழுத்தம் உணவுக்குழாய்ப் பக்கம் திரும்பி, அங்க வெடிச்சா ரத்த வாந்தி வரும்."

ஏரிக்குள் பள்ளம் வெட்டித் தடத்தை மறித்ததும், வண்டியெல்லாம் பள்ளிக்கூடத் தெருவுக்குள் புகுந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. தலையாட்டினார்.

"எத்தனை வருசம் இருப்பேன்?"

"நாள் குறிக்க முடியாதுங்க. இவ்வளவு பெரிய மாற்றுவழி இருந்தா மயக்கம் திரும்பத் திரும்ப வரும், ஆயுசும் குறையலாம். தினம் ரெண்டு மூணு தடவை வெளிக்கிப் போற அளவுக்கு இந்த மருந்தைக் குடிங்க. சிலர் நல்லாவே ஓட்டிருவாங்க."

வெளியே பெஞ்சில் இருசம்மாள் மருந்துச்சீட்டை வைக்கச் சுருக்குப்பையைத் திறந்தாள். கயிற்றுத் துண்டோடு வீட்டுச் சாவியும் கிடந்தது. கயிறு அறுப்பதற்கு முந்தின வாரம் முழுக்க, தூங்குகிறவர் எழுந்து எங்காவது போய்விடுவாரோ என்று வெளியே பூட்டிவிட்டுத்தான் நூறுநாள் வேலைக்குப் போனாள். வீட்டில் ஒரு சொட்டும் கிடையாது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

வீடு திரும்பும் வழியில் பஸ்ஸைவிட்டு கோயிலருகே இறங்கினாள். அவர் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய்ச் சாமி முன்னால் நின்றாள்.

"குடிக்காதவர குடிச்சேன்னு சொல்லவெச்சது நான்தான்," என்றாள். "தப்பு எம்பேருல."

பூசாரிக்கு அப்படி ஒரு முறை தெரியாது. புதுக்கயிறு எடுத்தார். அவள் வேண்டாமென்று பழைய துண்டையே நீட்டினாள். நடுவில் முடிச்சுப் போட்டுக் கட்டினார்.

அய்யம்பெருமாள் அதற்குப்பின் இரண்டு வருடம் நான்கு மாதம் இருந்தார்; மூன்று தடவை நினைவு தப்பி மீண்டார், நான்காம் தடவை மீளவில்லை. கயிற்றோடுதான் எரித்தார்கள். டாக்டர் அரியலூருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். நல்லதம்பிக்குக் கண் மங்கி, அவர் மகன் பூசை செய்கிறான். பிச்சைமுத்து ஒரு தடவை கட்டி, அறுத்து, மறுபடி கட்டியிருக்கிறான். இருசம்மாள் நூறுநாள் வேலைக்குப் போகிறாள். முடி முழுக்க நரைத்துவிட்டது.