ஜன்னலில் நின்ற மருமகள்

அந்த ஊர்த் தேவாலயத்தில் தோரல்டு குடும்பத்துப் பெஞ்சுக்கு மட்டும் இடுப்புயர மரக்கதவு உண்டு. தாழ்ப்பாளை ஒட்டி மாமியார் அகஸ்தா உட்கார்ந்துவிட்டால், லவினியா வெளியே வர வழியில்லை. புருஷன் காட்ஃப்ரி செத்துப் போனதிலிருந்து மூன்று வருஷமாக அவள் இடம் உள்மூலைதான். விதவையான மகாராணியே இன்னும் கறுப்பு உடுத்துகிறாள், உனக்கென்ன என்று அகஸ்தா சொல்ல, வீட்டிலும் அதே மூலைதான்.

இன்றோடு அது தீரும் என்று நம்பி வந்திருந்தாள். குதிரை வைத்தியர் சைலஸ் வெள்ளிக்கிழமையே தன் பெயரையும் அவள் பெயரையும் பாதிரியாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டார். இன்று முதல் கல்யாண ஓலை வாசிக்க வேண்டும். மூன்று ஞாயிறு வாசித்தும் யாரும் தடை சொல்லாவிட்டால் கல்யாணம். சைலஸ் கடைசி வரிசையில் தொப்பியைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அதற்கு முன் ஜன்னல் திறப்பு. மகன் நினைவாக அகஸ்தா செய்வித்த வண்ணக் கண்ணாடி. துணியை இழுத்தார்கள். மாமியார் நகோமியின் கையை விடாமல் பிடித்து நிற்கிறாள் பைபிளில் வரும் விதவை ரூத். நகோமிக்கு அகஸ்தாவின் முகம். ரூத்துக்கு லவினியாவின் முகம். லிங்கன் நகரத்திலிருந்து வந்த ஓவியன் முன்னால் மூன்று மத்தியானம் அவளே நின்று கொடுத்ததுதான். இப்போது ஊரே ஜன்னலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது.

"சூளையில வெச்சுச் சுட்ட சாயம். நாம எல்லாரும் போனப்புறமும் அழியாது," என்றாள் அகஸ்தா காதோரமாக.

இதற்காகத்தான் லவினியா காத்திருந்தாள். "அந்தக் கதைய முழுசா படிக்கலையா அத்தை? ரூத் அப்புறம் போவாஸைக் கட்டிக்கிட்டா."

"படிக்காமலா? போவாஸ் யாரு? செத்த புருஷனோட சொந்தக்காரன். மேல பாரு, கதிருக்கு நடுவுல."

பார்த்தாள். ஓவியன் அவளுக்குக் காட்டாத மூன்றாவது ஆள். வாற்கோதுமைக்கு நடுவே, வழுக்கையும் தொங்கு தாடையுமாக, காட்ஃப்ரியின் பெரியப்பா மகன் ஹியூபர்ட். நிஜ ஹியூபர்ட் முன்வரிசையிலிருந்து திரும்பி வெட்கப்பட்டுச் சிரித்தார், ஐம்பத்தெட்டு வயசில்.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க அத்தை?"

"வீட்டுப் பொண்ணு வீட்டுலயே இருக்கணும்டி. சும்மா உக்காரு."

பாதிரியார் ஓலைப் புத்தகத்தை விரித்தார். ஒழுகும் தேவாலயக் கூரையைச் சரிசெய்யவும் அகஸ்தாவின் பணத்தையே நம்பியிருக்கும் மனுஷர்; நிமிர்ந்து பார்க்கவில்லை. "இந்தச் சபையைச் சேர்ந்த ஹியூபர்ட் தோரல்டுக்கும், விதவை லவினியா தோரல்டுக்கும் முதல் ஓலை. தடை தெரிந்தவர்கள் இப்போதே சொல்லவும்."

பின்னால் தொப்பி விழும் சத்தம் கேட்டது. ஓலையில் தடை சொன்னவரை அந்த ஊர் பார்த்ததில்லை. மணப்பெண்ணே சொன்னதாகக் கேள்விகூட இல்லை. அகஸ்தாவின் ஒரு கை தாழ்ப்பாளில், மறு கை மருமகளின் மணிக்கட்டில். ஜன்னலில் பிடித்திருந்தது ரூத். இங்கே பிடித்திருந்தது மாமியார்.

லவினியா எழுந்தாள்.

"தடை இருக்கு ஐயா," என்றாள். "பொண்ணுக்குச் சம்மதம் இல்ல."