நன்றியுரைக்கு ஓவியா

எங்கள் நாரணாபுரத்தில் ஒரு வீட்டுக் குக்கர் எத்தனை விசில் விட்டது என்பது அடுத்த தெருவுக்குத் தெரியும். அந்த வீட்டுப் பிள்ளை கல்லூரியில் என்ன படிக்கிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அடுத்த வீட்டுப் பேச்சியம்மாளின் மகள் ஓவியா தமிழ் படித்தாள். எனக்குத் தெரியும், நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

"தமிழுதான் நமக்குத் தெரியுமே, அதுக்கு எதுக்குத்தா காலேஜு?" என்றேன்.

"தெரியும்னு நெனச்சுக்கிட்டு இருக்கீக அத்தை" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அந்தக் கல்லூரியில் மாதம் ஒரு சொற்பொழிவு நடக்கும். 'நம்பிக்கை, இலக்கியம், கலை' என்று அந்த வரிசைக்குப் பெயர். வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து சாமியையும் பாட்டையும் சிலையையும் பற்றிப் பேசுவார். கல்லூரிச் செயலாளர் கனகசபாபதி தலைமை தாங்குவார். தலைமை என்றால், மற்றவர்கள் கீழே உட்கார்ந்து தூங்கும்போது அவர் மேடையில் உட்கார்ந்து தூங்குவார். பட்டாசு கம்பெனிக்காரர், அலைச்சல் உள்ள மனிதர், அதைக் குறை சொல்ல முடியாது. கடைசியில் ஒரு மாணவி நன்றியுரை சொல்வாள்.

ஆடி மாதச் சொற்பொழிவுக்கு நன்றியுரை ஓவியா என்று ஏப்ரலிலேயே முடிவாகி, அச்சாகியும் விட்டது. சிவகாசிப் பக்கம் எதுவும் முதலில் அச்சாகும், பிறகுதான் நடக்கும். ஆடிப்பெருக்கு நெருங்கினால் காலண்டர் சீசன். கல்லூரி அழைப்பிதழுக்கெல்லாம் மிஷின் கிடைக்காது. அதனால் மாதவாரியாக எல்லாவற்றையும் முன்கூட்டியே அடித்துக் கட்டி வைத்துவிடுவார்கள்.

அன்றிலிருந்து அந்தப் பிள்ளை கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு ஒத்திகை பார்க்கத் தொடங்கினாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஒலிபெருக்கி அமைத்தவருக்கு நன்றி, தேநீர் தந்தவருக்கு நன்றி என்று எனக்கே பாதி மனப்பாடம். பேச்சியம்மாள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பாள்.

"எல்லாருக்கும் சொல்லுதியே, ஆத்தாளுக்கு இல்லையா?"

"நீ வந்து முன்னால உக்காரு, சொல்லுதேன்."

"என்னைய உள்ள விடுவாகளா?"

"மைக்குல எம்பேரக் கூப்பிடுவாகம்மா. அப்ப எந்திரிச்சு நில்லு. யாரு ஆத்தான்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

பேச்சிக்கு அது பிடித்துப்போனது. மல்லாங்கிணற்றில் மழைக்குக் காத்திருந்து சலித்து, புருஷனைப் புஞ்சையோடு விட்டுவிட்டுப் பிள்ளையின் படிப்புக்காக இங்கே வந்தவள். தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுவாள், அட்டைக்குத் தாள் ஒட்டுவாள், காலண்டருக்குச் சீட்டு ஒட்டுவாள். அவள் பெயரோ அவள் மகள் பெயரோ இதுவரை எந்த மைக்கிலும் வந்ததில்லை. ரேஷன் கடையில்கூட அட்டை நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

கோடை விடுமுறைக்கு மற்ற ஊர்ப் பிள்ளைகள் மாமா வீட்டுக்குப் போகும். எங்கள் பிள்ளைகள் பட்டாசு கம்பெனிக்குப் போகும். ஓவியாவும் பெட்டி அடுக்கப் போனாள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சத்தம் கேட்டது. சத்தம் கேட்டால் நாங்களெல்லாம் மாடி ஏறிப் புகை எந்தப் பக்கம் என்று பார்ப்போம். பேச்சி மாடி ஏறவில்லை. ஈரக் கையோடு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினாள்.

ஓவியாவை வைத்த பெட்டியைத் திறக்காமலே அடக்கம் செய்தார்கள். வெடித்த கம்பெனி, கனகசபாபதியின் சித்தப்பா மகனுடையது. ஆகவே கனகசபாபதி பெரிய மாலையாகக் கொண்டுவந்தார், சீக்கிரம் கிளம்பினார்.

கல்லூரி திறந்ததும் பேச்சி அவரைப் போய்ப் பார்த்தாள். துணைக்கு நான் போனேன். துணைக்கு என்பது அவளுக்குச் சொன்னது. என்ன பேசுகிறார்கள் என்று கேட்க வேண்டுமே.

"ஐயா, ஆடி மாசக் கூட்டத்துல எம்பிள்ளை பேரை மைக்குல ஒருவாட்டி சொல்லணும். அம்புட்டுத்தான்."

"நல்ல பிள்ளைம்மா. எங்களுக்கும் வருத்தந்தான். ஆனா அது சாமி, கலைன்னு பேசுற மங்கலமான மேடை. வெளியூர்ல இருந்து பெரியவுக வாராக. கேஸு வேற நடக்குது. பேரைச் சொன்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக."

"பேசினா என்ன ஐயா?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். "காபி சாப்பிட்டீகளா?" என்றார்.

ஆடி பிறந்தது. மணிமுத்து டிவிஎஸ்ஸில் கட்டுகளோடு பேச்சி வீட்டுக்கு வந்தான். அச்சாபீஸ்களிலிருந்து ஒட்டு வேலையை வாங்கி எங்கள் தெருவுக்குப் பிரித்துக் கொடுப்பவன் அவன்தான். கட்டைப் பார்ப்பான், கட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க அவனுக்கு நேரம் இல்லை.

"யக்கா, அவசர ஆர்டரு. அழைப்பிதள்ல ஒரு பேர் மாத்தணுமாம். சீட்டு அடிச்சுக் குடுத்துருக்காக, பழைய பேர் மேல ஒட்டிட்டாப் போதும். நம்ம தெருவுலயே சுத்தமா ஒட்டுறது நீங்கதான்."

வண்டி போய்விட்டது. நான் ஓர் அழைப்பிதழை உருவிப் பார்த்தேன். 'தீயும் தெய்வமும்: வழிபாட்டிலும் கலையிலும் நெருப்பு.' கடைசி வரி: 'நன்றியுரை: செல்வி ஓவியா, மூன்றாமாண்டு தமிழ்.' அதன்மேல் ஒட்ட வேண்டிய வெள்ளைச் சீட்டில் 'செல்வி பிரீத்தி' என்று இருந்தது. ஓவியாவுடன் படித்த பிள்ளைதான். பெயரை மறைக்கத் தோன்றியவர்களுக்குத் தலைப்பை மறைக்கத் தோன்றவில்லை.

"பேச்சி, இந்தக் கட்ட எங்கிட்டக் குடுத்துரு."

அவள் அதற்குள் படித்துவிட்டாள். விரலை அந்தப் பெயர் மேல் வைத்து, பிறகு எடுத்துக்கொண்டாள்.

"எதுக்கு மதினி? எனக்கு வந்த ஆர்டருதான?"

"அந்த மணிமுத்துப் பயலுக்குக் கண்ணு எங்கன இருந்துச்சோ."

"அவனைய ஏசாதீக. யாரு ஒட்டினாலும் இதத்தான் ஒட்டணும்."

மைதாப் பசையைக் கலக்கினாள். நான் போகாமல் உட்கார்ந்திருந்தேன். சீட்டின் முதுகு முழுக்கப் பசை தடவி, துணியால் ஒற்றி எடுப்பது அவள் வழக்கம். அவள் ஒட்டியதை நகத்தால் கிளப்ப முடியாது. அன்று ஒவ்வொரு சீட்டிலும் இடது ஓரத்தில் மட்டும் ஊசிமுனை அளவு பசை வைத்தாள். அதுவும் தண்ணீராக ஓடியது. பார்வைக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

"இது நிக்குமா பேச்சி?"

"போய்ச் சேர்ற வரைக்கும் நிக்கும்."

கொஞ்ச நேரம் கழித்து, "அன்னைக்கு நீங்களும் வாரீகளா மதினி?" என்று கேட்டாள். நான் வராமல் இருப்பேனா?

கூட்டத்தன்று, மகள் நன்றியுரை சொல்லும் நாளுக்கென்று எடுத்து வைத்திருந்த பச்சைச் சேலையை உடுத்தியிருந்தாள். முன்னால் இடம் இருந்தது. அவள் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தாள்.

பேராசிரியர் நல்ல மனிதர், பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. நெருப்பு தூய்மை செய்யும் என்றார். பூக்குழியில் இறங்குகிறவள் கால் சுடாததற்கு நம்பிக்கையே காரணம் என்றார். கலைஞன் நெருப்புக்கு உருவம் கொடுக்கிறான் என்று கையை விரித்தார். முன்வரிசையில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். பின்வரிசைகளில் இருந்தவை பெரும்பாலும் கம்பெனி வீட்டுப் பிள்ளைகள். ஒரு தலையும் ஆடவில்லை.

பேச்சு நீண்டது, புழுக்கம் ஏறியது, மின்விசிறிகளை வேகமாக வைத்தார்கள். எல்லோரும் அழைப்பிதழை விசிறியாக்கிக்கொண்டார்கள். முதலில் ஒரு சீட்டு பறந்து என் மடியில் விழுந்தது. அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாக, கல்யாண வீட்டு அட்சதை மாதிரி விழுந்துகொண்டே இருந்தன. பிள்ளைகள் தங்கள் கையிலிருந்ததைப் பார்த்தன, பக்கத்துப் பிள்ளை கையிலிருந்ததைப் பார்த்தன. சலசலப்பு வரிசை வரிசையாக முன்னால் போய், தூங்கிக்கொண்டிருந்த கனகசபாபதியைத் தொடாமல் நின்றது.

பேராசிரியர் உட்கார்ந்தார். கைதட்டினார்கள். நிகழ்ச்சியைத் தொகுத்த ஆசிரியை, வழக்கம்போல, கையிலிருந்த அழைப்பிதழைப் பார்த்து வாசித்தார்.

"அடுத்து, நன்றியுரை. மூன்றாமாண்டு தமிழ், செல்வி ஓவியா."

வாசித்துவிட்டு அந்த அம்மாளின் கை அப்படியே நின்றது. கனகசபாபதி விழித்துக்கொண்டார். மூன்றாம் வரிசையில் பாதி எழுந்த பிரீத்தி, நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் காகிதத்தைக் கசக்கினாள்.

பேச்சி எழுந்து நின்றாள். அவள் அழவில்லை, யாரையும் குற்றம் சொல்லவும் இல்லை. தெருவில் தேடி வந்தவர்களுக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அவ இல்ல தாயி. நீ போயிப் பேசு."

பிரீத்தி மேடை ஏறினாள். குரல் உடைந்து, விட்டு விட்டுத்தான் வந்தது. நன்றியுரைகள் எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கும். தலைமை தாங்கியவருக்கு, உரையாற்றியவருக்கு, ஒலிபெருக்கி அமைத்தவருக்கு, தேநீர் தந்தவருக்கு. நான் பேச்சியைப் பார்த்தேன். நின்றபடியே அவள் உதடு ஒவ்வொரு நன்றிக்கும் ஒரு சொல் முந்தி அசைந்துகொண்டிருந்தது. பிரீத்தி முடித்துவிட்டாள். பேச்சி உட்காரவில்லை. இன்னும் ஒரு நன்றி பாக்கி இருப்பதுபோல மேடையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

மறுநாள் காலையில் மணிமுத்து காலண்டர் லோடோடு வந்தான். முகம் கடுகடுவென்றிருந்தது.

"என்னக்கா இது, சீட்டெல்லாம் பிச்சுக்கிட்டு வந்துருச்சாமே. காலேஜுல இருந்து அச்சாபீஸுக்குப் போன் போட்டு ஏசுறாக. நான் என்ன சொல்லட்டும்?"

"பசை புளிச்சுப் போச்சு தம்பி" என்றாள் பேச்சி.

அவன் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தண்ணீர்க் குடத்தின்மேல் ஒட்டாமல் விட்ட ஓர் அழைப்பிதழ் கிடந்தது. எடுத்தான். முதல்முறையாகக் கடைசி வரிவரை படித்தான். அழைப்பிதழைக் கிடந்த இடத்திலேயே, கிடந்தபடியே திரும்ப வைத்தான்.

"சரிக்கா" என்றான். "பசை புளிச்சுப் போச்சுன்னே சொல்லிருதேன்."