கிழக்கே வந்த மாலை வெயில்

“இன்னைக்குச் சாயங்காலம் கிழக்கேயிருந்து ஒரு சூரியனை வரவழைக்கிறேன் அண்ணி. மேற்கே இருக்கிறது அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்றான் பிலோ.

லிகாயா அவனை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து கொழுந்தன் புளுகைக் கேட்டுப் புளித்துப்போன காது அது. போன வருடம் அவன் பிடித்த கெளுத்தி மீன் அவனுடைய எருமையையே ஆற்றுக்குள் இழுத்துக்கொண்டு போனதாம்.

“எப்படி வரும்? தபால்லயா?”

“புனித கிளாராவுக்கு முட்டை குடுத்திருக்கேன். கூடை நிறைய.”

மழை விட வேண்டுமென்றால் கிளாரா மடத்துக்கு முட்டை கொடுப்பது ஊர் வழக்கம்.

“நெல்லு தின்னுறது வெயில. நாம தின்னுறது நெல்ல. நடுவுல உன் முட்டைக்கு என்னடா வேலை?”

எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. அறுப்பு முடிந்த கையோடு பிடித்த மழை அன்று காலையில்தான் விட்டிருந்தது. வருடம் முழுக்கச் சாப்பிட வேண்டிய நெல் சாக்குக்குள் புழுங்கி முளைவிடப் பார்த்தது. ராத்திரி மறுபடி மழையென்று ரேடியோ சொல்லிவிட்டது. ஊரில் காயப்போட இருந்த ஒரே சிமெண்ட் தரை, கோயிலுக்கு எதிரே இருந்த கூடைப்பந்து மைதானம். அதற்கு மேற்கே துபாய்க்காரன் ஒருவன் மாடிமேல் மாடியாக எழுப்பிய வீடு, உச்சி சாய்ந்ததும் மைதானம் முழுக்க நிழலைக் கொட்டிவிடும்.

போதாததற்குக் கோயில் கூரைக்கு வந்த புதுத் தகரங்களை ஆட்கள் மைதானத்தில் பரப்பி வைத்திருந்தார்கள்.

“இதென்ன, உங்க மாமியா விரிச்ச பாயா? எடுத்துக் கோயில் சுவத்துல நிமுத்திச் சாத்துங்கய்யா.”

கோயில் கமிட்டித் தலைவி லிகாயாவிடம் யார் வாயைக் கொடுப்பார்கள்? மைதானத்தின் கிழக்கே இருந்த சுவர் முழுக்கத் தகரம் நிமிர்ந்தது. அவள் நெல்லை விரித்துக் காலால் கிளறத் தொடங்கினாள்.

நிழல் வந்தது. ஒரு நெல்லைக் கடித்தாள்; மெழுகாக நசுங்கியது. பிலோ பந்து போடும் கூடைக்கம்பத்தடியில் நாற்காலி போட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். மனுஷனா இவன் என்று அவனை முறைத்தபோது அவளுக்குப் பிடரி சுட்டது.

திரும்பினாள். கண் கூசியது. மாடி வீட்டு நிழல் எட்டாத உயரத்தில் தகரத்தின் மேல் மேற்கு வெயில் பட்டு, கோயில் சுவர் தகதகவென்று எரிந்தது. நிழலுக்கடியில் கிடந்த நெல்லின் மேல் கிழக்கேயிருந்து வெயில் பாய்ந்தது. விடிந்துவிட்டதென்று சேவல்கள் கூவின. சாயங்காலத்தில் தன் நிழல் மேற்கே விழுவதைக் கண்ட நாய் தன்னையே பார்த்துக் குரைத்தது. நெல்லிலிருந்து எழுந்த ஆவியில் புட்டே அவித்திருக்கலாம்.

பொழுது சாயும்போது மறுபடி ஒரு நெல்லைக் கடித்தாள். நறுக்கென்றது.

“என்ன அண்ணி?”

“தகரத்த நிமுத்தச் சொன்னது நான்.”

“உங்களச் சொல்ல வச்சது யாரு? கூடை முட்டை சும்மா விடுமா? வந்துச்சா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க.”

ஊரே கூடி நின்றது. லிகாயா இன்னொரு நெல்லைக் கடித்தாள். செருப்பில் ஒட்டிய சாணியைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தாள்.

“சாக்கப் பிடி. வந்துச்சு. கிழக்கேயிருந்துதான் வந்துச்சு.”