நடைவழியில் ஒரு கயாக்

கடைசிக் கம்பியையும் மாட்டி முடித்தபோது எங்கள் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. மடக்கிப் பையில் போட்டுக்கொள்ளக்கூடிய கயாக் படகு அது, இருவர் உட்காரலாம். அண்ணன் தன் நண்பரிடம் இரவல் வாங்கி வந்திருந்தான். அவனுக்குத் தனியாக ஒரு சிறிய படகு உண்டு. பெரியது எனக்கும் அண்ணிக்கும்.

சுவரில் வரைபடம் தொங்கியது. காட்டுக்குள் ஏழு ஏரிகள், அவற்றைக் கோத்துக்கொண்டு ஓடும் ஆறுகள், சில இடங்களில் வெறும் புள்ளிக்கோடு. புள்ளிக்கோடு என்றால் அங்கே தண்ணீர் இல்லை. படகைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

அந்தக் கோடுகளைப் பார்க்கும்போதெல்லாம் என் வலது தோள் வலித்தது. சென்ற வருடம் சைக்கிளிலிருந்து விழுந்ததில் எலும்புக்குத் தகடு வைத்திருக்கிறார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் என் வேலைக்கு அது இடைஞ்சல் இல்லை. கனம் தூக்கினால்தான் சிக்கல். ஆறிவிட்டது என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். நான் படித்த கதைகளில் யாராவது ஒருவர் துடுப்புப் போட்டுக்கொண்டு மூடுபனிக்குள் போய்க்கொண்டே இருப்பார். ஒருமுறையாவது நானும் அப்படிப் போக வேண்டும்.

“சுவத்தையே பாத்துட்டிருந்தா ஆச்சா? தூக்கிப் பாத்துடலாம் வா, கொக்கு” என்றாள் அண்ணி. நெட்டையாக இருப்பதால் நான் அவளுக்குக் கொக்கு.

கூடாரம், அரிசி, தண்ணீர் கேன் எல்லாவற்றையும் படகில் ஏற்றினோம். எங்கள் வாசலிலிருந்து லிஃப்ட் வரையிலான நடைவழிதான் காடு. அண்ணி முன்னால், நான் பின்னால். பாதி தூரத்தில் என் கை மரத்துப்போய், படகு தடாலென்று விழுந்தது.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மருந்துக்கடைக்காரர் படகைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

“ஏம்மா, வெள்ளம் கிள்ளம் வரப்போகுதா? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

அண்ணி சிரிக்கவில்லை. எக்ஸ்ரே அறையில் வேலை செய்பவள். என் தோளைத் தொட்டுப் பார்த்தாள். “இதுதான் ஆறின லட்சணமா?”

“நான் வரலை அண்ணி. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க.”

“நல்லாயிருக்கே!” என்றான் பின்னால் நின்ற அண்ணன். “அப்ப இதுல பின்னாடி யாரு உக்காருவா, எதிர்வீட்டு சாரா?”

“ஐயோ, எனக்கு நீச்சல் தெரியாதுப்பா” என்று மருந்துக்கடைக்காரர் கதவைச் சாத்திக்கொண்டார்.

அண்ணி சாமான்களை இறக்க ஆரம்பித்தாள். “வெறும் படகை நானும் உங்கண்ணனும் தூக்குறோம். சாமான அப்புறம் வந்து எடுத்துக்கலாம்.”

“அப்படின்னா ஒவ்வொரு வழியையும் மூணு தடவை நடக்கணும்” என்றான் அண்ணன். “லீவு பத்தாது.” அவன் உள்ளே போய் வரைபடத்தின் முன் நின்றான். ஏழாவது ஏரிதான் எல்லாவற்றிலும் பெரியது. தான் ஓட்டும் ரொட்டி வேனில், ஸ்டியரிங் பக்கத்தில், அதன் படத்தைத்தான் ஒட்டி வைத்திருக்கிறான்.

“கடைசி ஏரிய விட்டுடலாம்” என்றான், எங்களைப் பார்க்காமல்.

“அது உன் ஏரியாச்சே அண்ணா.”

“என் பேர்ல பட்டாவா போட்டிருக்கு? அது எங்கயும் ஓடிடாது. ஆறாவது ஏரியிலயே கூடாரம் போட்டு நல்லாத் தூங்கிட்டு வருவோம்.” குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

“ரொம்ப நன்றிண்ணா.”

“பாரேன், ஆண்டு விழாவுல பேசுற மாதிரி!” என்றான் அண்ணன்.

“போய் அந்தச் சின்னப் பையை எடு, கொக்கு. இடது தோள்ல மாட்டிக்க” என்றாள் அண்ணி.

மறுபடி கிளம்பினோம். லிஃப்ட் பக்கத்தில் படகையும் பையையும் வைத்துவிட்டு, மிச்சச் சாமானுக்காக வெறுங்கையோடு திரும்பினோம். காட்டிலும் இப்படித்தான் இருக்கும். ஒவ்வொரு புள்ளிக்கோட்டிலும், சுமையில்லாமல், மரங்களை நிமிர்ந்து பார்த்தபடி திரும்பும் ஒரு நடை. அதை எனக்குக் கொடுத்த இரண்டு பேரும் தண்ணீர் கேனை யார் தூக்குவது என்று சண்டை போட்டபடி முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள்.